ஜோஷிமட்டில் தங்கலாமா?

புது தில்லி: கோடை தொடங்கியதும் தலைநகரின் காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்தில் மலைக்குச் செல்வோர் கூட்டம் பெருகிவிடுகிறது. பத்ரிநாத்துக்கும் ஹேம்குண்ட் சாகிபுக்கும் மலர்ப் பள்ளத்தாக்குக்கும் செல்லும் அனைவரும் கடந்தாக வேண்டிய ஊர் ஜோஷிமட். 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் வீடுகள் பிளந்து நின்ற காட்சிகளைத் தொலைக்காட்சியில் கண்ட பிறகு, அங்கு தங்கலாமா, கூடாதா என்ற கேள்வி பயணிகளைத் தொடர்ந்து வருகிறது.

இக்கேள்விக்கு இருவேறு பதில்கள் கிடைக்கின்றன. பயண நிறுவனங்கள் "அங்கு ஒன்றுமே இல்லை" என்கின்றன. செய்தித் தொலைக்காட்சிகளோ "மூழ்கும் நகரம்" என்று பெயரிட்டு, சில வாரங்களில் வேறு செய்திக்குச் சென்றுவிட்டன. இரண்டும் அவ்வூர் மக்களுக்கு உதவவில்லை. தங்கலாம், ஆனால் எந்த மண்ணின் மேல் தங்குகிறோம் என்பதை அறிந்து தங்க வேண்டும் என்பதே பொருத்தமான பதிலாக இருக்கும்.

சரிவின் மேல் ஓர் ஊர்

உத்தரகண்ட் மாநிலம், சமோலி மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கும் மேலான உயரத்தில் ஜோஷிமட் அமைந்துள்ளது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 17 ஆயிரத்துக்குச் சற்றே குறைவு. யாத்திரைக் காலத்தில் அதைப் பன்மடங்கு மிஞ்சும் கூட்டம் இந்த ஊர் வழியே செல்கிறது. 2024-இல் இவ்வட்டத்தின் பெயர் "ஜோதிர்மட்" என அதிகாரபூர்வமாக மாற்றப்பட்டது. பேச்சு வழக்கில் இன்னமும் ஜோஷிமட்தான்.

இந்த ஊர் பாறையின் மேல் கட்டப்பட்டதன்று. பழங்காலத்தில் சரிந்து வந்து குவிந்த மண்ணும் மணலும் கற்களும் சேர்ந்த படிவின் மேல் அமர்ந்துள்ளது. இது புதிதாகக் கண்டறியப்பட்ட உண்மையுமன்று. கட்வால் ஆணையராக இருந்த எம்.சி. மிஸ்ரா தலைமையிலான குழு 1976-இலேயே இதை எழுதி வைத்தது. மண்ணின் தாங்குதிறனை ஆராயாமல் பெரிய கட்டடங்கள் எழுப்பக் கூடாது. சரிவில் புதைந்துள்ள பெரும் பாறைகளை வெடிவைத்தோ தோண்டியோ அகற்றக் கூடாது. மரங்களை வெட்டக் கூடாது. மழைநீரும் கழிவுநீரும் மண்ணுக்குள் இறங்காதபடி உறுதியான வடிகால்கள் அமைக்க வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது.

அதன் பின் நடந்தவை அனைவரும் அறிந்தவை. வீடுகளும் விடுதிகளும் மாடி மேல் மாடியாக உயர்ந்தன. தேசிய அனல் மின் கழகத்தின் 520 மெகாவாட் தபோவன் - விஷ்ணுகாட் நீர்மின் திட்டத்துக்காக மலையில் சுரங்கம் தோண்டப்பட்டது. 2009 டிசம்பர் 24-இல் அந்தச் சுரங்கம் தோண்டும் இயந்திரம் நிலத்தடி நீர்த்தேக்கம் ஒன்றைத் துளைத்தது. விநாடிக்கு 700 முதல் 800 லிட்டர் வரை தண்ணீர் பீறிட்டதாக அறிவியல் இதழொன்றில் அடுத்த ஆண்டே ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். 2021 பிப்ரவரி 7-இல் ரோன்டி சிகரத்திலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து விழ, ரிஷிகங்காவிலும் தௌலிகங்காவிலும் பெருவெள்ளம் பாய்ந்தது. 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமல் போயினர். அவர்களில் பெரும்பாலோர் நீர்மின் திட்டத் தொழிலாளர்கள்.

2023 ஜனவரி முதல் வாரத்தில் ஊரின் கீழ்ப்பகுதியில் மண்ணைப் பிளந்துகொண்டு சேற்றுநீர் வெளிவந்தது. 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் காணப்பட்டது. காந்தி நகர், சிங்தார், மனோகர் பாக், சுனில் ஆகிய வார்டுகளில் பல பகுதிகள் பாதுகாப்பற்றவை என அறிவிக்கப்பட்டன. ஒன்றன் மீது ஒன்று சாய்ந்து நின்ற இரண்டு விடுதிகள் இடிக்கப்பட்டன. சுரங்கம் ஊருக்கு நேர் கீழே செல்லவில்லை, நிலச்சரிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மின் கழகம் மறுத்தது. ஊர் மக்கள் இன்றுவரை அதை ஏற்கவில்லை.

எப்போது செல்லலாம்?

பத்ரிநாத் கோயில் நடை ஏப்ரல் இறுதியிலோ மே மாதத் தொடக்கத்திலோ திறக்கப்பட்டு, நவம்பரில் சாத்தப்படுகிறது. இந்த ஆறு மாதங்களில் முதல் சில வாரங்களில் நெரிசல் மிக அதிகம். கோயில் திறந்த உடனே தரிசிக்க வேண்டும் என்ற ஆவலை அடக்கிக்கொள்ள முடிந்தவர்கள், செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் இறுதிக்குள் செல்வது நல்லது. மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். அறை எளிதில் கிடைக்கும். சாலையிலும் காத்திருப்பு குறைவு.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மலைப்பாதை அடிக்கடி மண்சரிவால் அடைபடும். மலர்ப் பள்ளத்தாக்கு ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரைதான் திறந்திருக்கிறது. பூக்கள் நிறைந்திருப்பதும் அந்த மழை மாதங்களில்தான். எனவே அதைக் காணச் செல்வோர் திட்டமிட்ட நாள்களுடன் கூடுதலாக இரண்டு, மூன்று நாள்களை ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பும் ரயில், விமான முன்பதிவை மலையிலிருந்து இறங்கும் நாளுக்கே வைத்துக்கொண்டு, அடைபட்ட சாலையில் ஓட்டுநரை விரட்டுவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். டிசம்பர் முதல் மார்ச் வரை பனிக்காலம்.

எப்படிச் செல்வது?

ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் ஏறத்தாழ 250 கி.மீ. சமவெளிக் கணக்கில் இது ஐந்து மணி நேரப் பயணம். மலையில் பத்து மணி நேரம் ஆகலாம். பேருந்துகளும் பகிர்வு ஜீப்புகளும் விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடும். தில்லியிலிருந்து ஒரே மூச்சில் செல்ல முயலாமல், முதல் இரவை ஹரித்வாரிலோ ரிஷிகேஷிலோ கழித்து, மறுநாள் அதிகாலையில் கிளம்புவதே உடலுக்கு ஏற்றது. இரவில் மலைப்பாதையில் வாகனங்கள் செல்லக் கட்டுப்பாடு உண்டு. மாலைக்குள் ஊர் சேரும்படி புறப்பட வேண்டும்.

வழி நெடுகிலும் தேவப்பிரயாகை, ருத்ரபிரயாகை, கர்ணபிரயாகை, நந்தபிரயாகை என ஆறுகள் கூடும் தலங்கள் வரும். ஐந்தாவதான விஷ்ணுபிரயாகை ஜோஷிமட்டின் அடிவாரத்தில் உள்ளது. அங்கே அலக்நந்தாவுடன் தௌலிகங்கா கலக்கிறது.

சாலை முன்பைவிட அகலமாகியிருப்பதைப் பயணிகள் காணலாம். அதற்காகச் செங்குத்தாக வெட்டப்பட்ட மலைச்சரிவுகளையும் அவர்கள் காண வேண்டும். 2016-இல் தொடங்கிய சார்தாம் சாலைத் திட்டத்தில் சாலையின் அகலம் எவ்வளவு இருக்கலாம் என்பது உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கு. எல்லைப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அரசு கேட்ட இருவழிச் சாலைக்கு 2021 டிசம்பரில் நீதிமன்றம் அனுமதியளித்தது. சீன எல்லைக்குச் செல்லும் பாதை என்பதால் வழியெங்கும் ராணுவ முகாம்களும் வாகன அணிகளும் உண்டு. அவற்றைப் படம் எடுக்கக் கூடாது.

பத்ரிநாத் உள்ளிட்ட நான்கு தலங்களுக்கும் ஹேம்குண்டுக்கும் செல்வோர் மாநில அரசிடம் முன்பதிவு செய்துகொள்வது கட்டாயம். பதிவு இல்லாதவர்கள் வழியிலேயே நிறுத்தப்படுவர். அடையாள அட்டையின் நகல்கள் இரண்டு, மூன்றைக் கையில் வைத்திருப்பது உதவும்.

அறை எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

மற்ற ஊர்களில் அறை எடுக்கும்போது வாடகையையும் வெந்நீரையும் பற்றிக் கேட்போம். ஜோஷிமட்டில் அவற்றுடன் வேறு சில கேள்விகளையும் கேட்க வேண்டும்.

முதலாவது, விடுதி எந்த வார்டில் உள்ளது, அது பாதுகாப்பற்றதென அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் வருகிறதா என்பது. விடுதிக்காரர் தயங்கினால் நகராட்சி அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ விசாரிக்கலாம். இரண்டாவது, கட்டடத்துக்கு எத்தனை மாடிகள் என்பது. ஆற்றைப் பார்க்கும் பால்கனியுடன் ஐந்து மாடி விடுதி கண்ணைக் கவரும். ஆனால் இந்த மண்ணுக்கு ஏற்றது ஒன்று அல்லது இரண்டு மாடி கொண்ட வீடுதான். மூன்றாவது, கழிவுநீர் எங்கே போகிறது என்பது. உறிஞ்சுகுழிகளில் இறங்கும் நீர் மண்ணைக் கரைத்து உள்ளே வெற்றிடத்தை உண்டாக்குகிறது என்று 1976-ஆம் ஆண்டு அறிக்கையே சுட்டிக்காட்டியது.

அறைக்குள் சென்றதும் சுவர்களையும் தூண்கள் தரையோடு சேரும் இடங்களையும் பார்க்க வேண்டும். புதிதாகப் பூசி மறைத்த விரிசல், சரியாக மூடாத கதவு, ஒருபக்கம் சாய்ந்த தரை ஆகியவை தென்பட்டால் வேறு இடம் தேடுவது நல்லது. ஓடையின் கரையிலும், ஓடை கொண்டுவந்து குவித்த மண்மேட்டிலும் கட்டிய விடுதிகளை மழைக்காலத்தில் தவிர்க்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 5-இல் இதே மாநிலத்தின் தராலி கிராமத்தில் சேறும் வெள்ளமும் சில விநாடிகளில் விடுதிகளை வாரிச் சென்றதை நாடே பார்த்தது.

அரசு நிறுவனமான கட்வால் மண்டல் விகாஸ் நிகமின் பயணியர் விடுதிகள் ஜோஷிமட்டிலும் ஔலியிலும் உள்ளன. சுற்றுலாத் துறையில் பதிவு பெற்று, வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைக்கும் குடும்பங்களும் சுற்றுப்புறக் கிராமங்களில் உள்ளன. அத்தகைய வீடுகளில் தங்கினால் வாடகைப் பணம் நேராக அக்குடும்பத்துக்குச் செல்கிறது. மாடிகள் மேலும் உயர வேண்டிய தேவையும் குறைகிறது.

தண்ணீரும் குப்பையும்

மலையூரில் குழாயைத் திறந்ததும் தண்ணீர் கொட்ட வேண்டும் என எதிர்பார்க்கக் கூடாது. குளிக்க ஒரு வாளி வெந்நீர் போதும். நான்கு பேர் கொண்ட குடும்பம் நாள்தோறும் துணி துவைத்து, நெடுநேரம் குளித்தால் அந்த நீர் முழுவதும் பலவீனமான மண்ணுக்குள்தான் இறங்குகிறது. பிளாஸ்டிக் உறைகளையும் புட்டிகளையும் பையில் போட்டு ரிஷிகேஷ் வரை திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். இங்கே வீசும் குப்பை சரிவில் உருண்டு கடைசியில் அலக்நந்தாவைச் சேரும்.

உடல்நலம்

ஜோஷிமட்டில் ஓர் இரவு தங்குவதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. பத்ரிநாத் 10,000 அடி உயரத்திலும், ஹேம்குண்ட் 14,000 அடி உயரத்திலும் உள்ளன. சமவெளியிலிருந்து ஒரே நாளில் அவ்வளவு உயரம் ஏறினால் தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் வரக்கூடும். இடையில் இங்கு ஒன்று அல்லது இரண்டு இரவுகள் தங்கினால் உடல் பழகிக்கொள்ளும். இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் புறப்படும் முன் மருத்துவரிடம் ஆலோசிக்க வேண்டும். அன்றாட மருந்துகளை ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துச்செல்ல வேண்டும். உயரத்தில் தலைவலியும் மூச்சுத்திணறலும் கடுமையானால் காத்திருக்காமல் உடனே கீழே இறங்க வேண்டும். அவசர உதவிக்கு 108, 112 எண்களை அழைக்கலாம். பெரிய சிகிச்சைக்கு ரிஷிகேஷில் உள்ள எய்ம்ஸ் மருத்துவமனையை நாட வேண்டியிருக்கும்.

கோடையிலும் இரவில் குளிரும். கம்பளி உடை, மழைச்சட்டை, வழுக்காத காலணி, கைவிளக்கு ஆகியவை அவசியம். மின்தடையும் தொலைபேசித் தொடர்பு அறுவதும் வழக்கம் என்பதால், போதுமான ரொக்கப் பணம் கையில் இருக்க வேண்டும்.

உண்ணவும் காணவும்

கடைவீதியில் ரொட்டியும் பருப்பும் எங்கும் கிடைக்கும். தமிழர்கள் கேட்டு உண்ண வேண்டியது மலை மக்களின் உணவு. அவர்கள் "மண்டுவா" என்பது நம் கேழ்வரகு. "ஜங்கோரா" நம் குதிரைவாலி. "கஹத்" நம் கொள்ளு. கேழ்வரகு ரொட்டியும் கொள்ளுப் பருப்பும் குளிருக்கு ஏற்றவை. அவை அப்பகுதி உழவர்களின் விளைபொருள்கள் என்பதால், செலவிடும் பணமும் ஊரிலேயே தங்கும்.

ஆதிசங்கரர் நிறுவியதாக மரபு கூறும் நான்கு மடங்களில் வடக்கு மடம் இங்குள்ளது. அதனருகே "கல்பவிருட்சம்" என வணங்கப்படும் முதிய முசுக்கட்டை மரம் ஒன்று நிற்கிறது. நரசிங்கப் பெருமாள் கோயில் ஊரின் இதயம். பத்ரிநாத் நடை சாத்தப்பட்டதும் சங்கரரின் ஆசனம் குளிர்காலத்துக்காக இங்குதான் கொண்டுவரப்படுகிறது. திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி இத்தலமே என்று வைணவர் பலர் கருதுகின்றனர்.

இக்கோயிலின் நரசிங்க மூர்த்தியின் ஒரு கை ஆண்டுதோறும் மெலிந்து வருவதாகவும், அது முறியும் நாளில் மலைகள் ஒன்றுகூடிப் பத்ரிநாத் செல்லும் வழி அடைபடும் என்றும் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. நம்பிக்கையை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். மலை நிலையானதன்று என்ற அறிவு அம்மக்களிடம் அறிக்கைகளுக்கு முன்பே இருந்திருக்கிறது.

ஔலிக்குச் சென்றால் 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தா தேவி சிகரத்தைத் தெளிவாகக் காணலாம். ஜோஷிமட்டிலிருந்து அங்கு செல்லும் கம்பிவட ஊர்தி 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அதை நம்பித் திட்டமிடாமல், சாலை வழியே செல்வதாகவே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். நேரம் இருப்பவர்கள் நீதிப் பள்ளத்தாக்குச் சாலையில் ரைணி கிராமம் வரை சென்று வரலாம். 1974 மார்ச் 26-இல் கௌரா தேவியும் அக்கிராமத்துப் பெண்களும் மரங்களைக் காத்து நின்ற இடம் அது. சிப்கோ இயக்கத்தின் அடையாளமான அக்கிராமமே 2021 வெள்ளத்திலும் அடிபட்டது.

கேட்பது பயணியின் உரிமை

பயணிகளிடம் ஒரு வாளி நீரைச் சேமிக்கச் சொல்லும்போது இயல்பாகவே ஒரு கேள்வி எழுகிறது. மலையைக் குடைந்தவர்களிடம் யார் கணக்குக் கேட்டார்கள்?

2022 டிசம்பர் 27 முதல் 2023 ஜனவரி 8 வரையிலான 12 நாள்களில் ஜோஷிமட் 5.4 செ.மீ. தாழ்ந்ததாக இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் வெளியிட்ட செயற்கைக்கோள் தகவல், ஓரிரு நாள்களில் விலக்கிக்கொள்ளப்பட்டது. அரசு நிறுவனங்கள் ஊடகங்களுடன் பேச வேண்டாம் என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்தியது. எட்டு நிறுவனங்கள் அளித்த ஆய்வறிக்கைகள், உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் கேள்வி எழுப்பிய பிறகே 2023 செப்டம்பரில் வெளிச்சத்துக்கு வந்தன. அதுவரை தம் வீட்டின் அடியில் என்ன நடக்கிறது என்பதை அறியும் உரிமை அவ்வீட்டில் வாழ்ந்தவர்களுக்கே மறுக்கப்பட்டிருந்தது. மறுசீரமைப்புக்காக ரூ. 1,658.17 கோடி மதிப்பிலான திட்டத்துக்கு மத்திய அரசு 2023 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. அத்தொகை வீடிழந்தவரின் கையில் வீடாகச் சேர்வது எப்போது என்பதே ஊர் மக்கள் எழுப்பிவரும் கேள்வி.

2023 குளிர்காலத்தில் வீடிழந்த குடும்பங்கள் தங்கவைக்கப்பட்டது ஊரின் விடுதி அறைகளிலும் பள்ளிகளிலும்தான். யாத்திரைக் காலம் நெருங்கியபோது, அறையைக் காலி செய்ய நேருமோ என்ற கவலை அவர்களைப் பற்றிக்கொண்டது. பயணி இன்று வாடகை கொடுத்து உறங்கும் அறையில் அன்று ஒரு குடும்பம், பெட்டி படுக்கையுடன் நாள்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கலாம்.

ஆகவே ஜோஷிமட்டைத் தவிர்ப்பது தீர்வாகாது. அவ்வூரின் கடைக்காரர்களும் ஜீப் ஓட்டுநர்களும் கம்பளி நெய்வோரும் யாத்திரை வருமானத்தை நம்பியே குளிர்காலத்தைக் கழிக்கின்றனர். ஊரைப் பிளந்த குற்றத்துக்கு அவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. குறைந்த சுமையுடன் சென்று, சிறிய வீட்டில் தங்கி, நீரை அளந்து பயன்படுத்தி, அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டுத் திரும்பினால் அதுவே அவ்வூருக்குச் செய்யும் நன்மை.

திரும்பிய பின்னும் ஒரு கடமை எஞ்சியுள்ளது. 1976-இல் எழுதப்பட்ட எச்சரிக்கை ஏன் 47 ஆண்டுகள் கோப்பில் உறங்கியது என்று கேட்பது. அக்கேள்வியை ஊர் மக்கள் மட்டுமே கேட்டால், எங்கோ ஒரு மலையூரின் முறையீடாக அது தில்லியில் தேங்கிவிடுகிறது. அவ்வழியே ஆண்டுதோறும் சென்று வரும் லட்சக்கணக்கானவர்களும் சேர்ந்து கேட்டால், பதில் சொல்லாமல் தப்புவது எளிதன்று.